உங்கள் திருமணத்துக்கு உங்கள் கைவேலை: எங்கே தொடங்குவது, எப்போது நிறுத்துவது

திருமணத்துக்கு வேண்டியதைத் தாங்களே செய்வது என்று முடிவெடுத்த இருவர் முதல் நாள் உற்சாகத்தில் எழுதும் பட்டியல் நீளமாகத்தான் இருக்கும். அழைப்பிதழ், உறை, மேடைப் பின்னணி, காகிதப் பூ, நிஜப் பூ, பெயர் அட்டை, மெழுகுவர்த்தி, வந்தவர்களுக்குச் சிறு பரிசு, மோதிரம், உடை. எழுதுங்கள், தடையில்லை. எழுதி முடித்ததும் ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு குறிப்புப் போடுங்கள்: வருகிறவர்கள் இதைக் கையில் எடுப்பார்களா, கிட்டே நின்று பார்ப்பார்களா, தூரத்திலிருந்து பார்ப்பதோடு சரியா? கைவேலையின் அருமை கையில் எடுக்கும் பொருளில்தான் தெரியும். பத்தடி தள்ளித் தொங்கும் தோரணத்தை நீங்கள் வெட்டினீர்களா, கடையில் வாங்கினீர்களா என்று யாருக்கும் தெரியாது. அழைப்பிதழின் விளிம்பை விரலால் தடவிப் பார்ப்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

அதனால் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது மூன்றே வேலைகள். ஒன்று கையில் எடுக்கும் பொருள். ஒன்று எல்லார் கண்ணிலும் படுவது. மூன்றாவது வேறு யாருக்கும் முக்கியமில்லாவிட்டாலும் உங்கள் இருவருக்கும் முக்கியமானது. மற்றதையெல்லாம் வாங்கலாம், வாடகைக்கு எடுக்கலாம், இல்லாமலேயும் விடலாம். பத்து வேலைகளை அரைகுறையாக முடித்த கல்யாணத்தைவிட மூன்றை ஆசை தீரச் செய்த கல்யாணத்தில் உங்கள் கை நன்றாகத் தெரியும்.

மாதிரி ஒன்று, பிறகு கணக்கு

எதையும் மொத்தமாக வாங்குவதற்கு முன்னால் ஒரே ஒரு மாதிரியை முழுதாகச் செய்யுங்கள். அழைப்பிதழ் என்றால் காகிதம் வெட்டுவதில் தொடங்கி உறையை ஒட்டுவது வரை. எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். 12 நிமிடம் ஆகிறது என்று வையுங்கள். 150 அழைப்பிதழுக்கு 1800 நிமிடம், அதாவது 30 மணி நேரம். மாலையில் ஒன்றரை மணி நேரம் உட்கார முடியும் என்றால் 20 மாலைகள். அதோடு பாதியைச் சேர்த்து 30 என்று எழுதிக்கொள்ளுங்கள். மை காயும் நேரம், காகிதம் தீர்ந்து மறுபடி வாங்கும் நேரம், வெட்டும் பிளேடு மழுங்கி மாற்றும் நேரம் எதுவும் அந்த 12 நிமிடத்துக்குள் வரவில்லை.

இந்தக் கணக்கு பலரைப் பயமுறுத்தும். பயந்து கைவிடத் தேவையில்லை, வடிவத்தை எளிதாக்கினால் போதும். ரிப்பன் முடிச்சு ஒன்றுக்கு மட்டும் 4 நிமிடம் போகிறது என்றால் ரிப்பனை எடுத்துவிடுங்கள், 150 அழைப்பிதழில் 10 மணி நேரம் மிச்சம். எண்ணிக்கையையும் ஒருமுறை பாருங்கள். அழைப்பிதழ் ஆளுக்கு ஒன்று போவதில்லை, வீட்டுக்கு ஒன்றுதான் போகிறது. 150 பேர் வரும் திருமணத்துக்கு அதில் பாதி அழைப்பிதழ்கூடத் தேவைப்படாமல் போகலாம். கெட்டுப்போவதற்கென்று நூற்றுக்குப் பத்து கூடுதலாக வையுங்கள்.

பிறகு நாட்காட்டியில் பின்னோக்கி எண்ணுங்கள். திருமணத்துக்கு இரண்டு வாரம் முன்னால் ஒரு கோடு போட்டு, நிஜப் பூவும் பெயர் அட்டையில் பெயர் எழுதுவதும் தவிர எல்லாக் கைவேலையும் அந்தக் கோட்டோடு நிற்கும் என்று இருவரும் ஒப்புக்கொள்ளுங்கள். முடியாதது முடியாததாகவே இருக்கட்டும். அந்த இரண்டு வாரம் வேறு ஆயிரம் வேலைகளுக்குச் சொந்தம்.

அழைப்பிதழ்: காகிதத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

முதல் வேலையாக அழைப்பிதழைத்தான் நான் பரிந்துரைப்பேன். சிறிய பொருள், மேசை ஒன்று போதும், தவறினால் ஒரு தாள்தான் நட்டம்.

அளவை உறையிலிருந்து தொடங்குங்கள். ஏ4 தாள் 210 × 297 மில்லிமீட்டர். அதை இரண்டாக வெட்டினால் ஏ5, 148 × 210. ஏ5ஐ மடித்தால் ஏ6 அளவு, 105 × 148. அது 114 × 162 அளவுள்ள சி6 உறைக்குள் சரியாக உட்காரும். மனதுக்குத் தோன்றிய அளவில் அட்டையை வெட்டிவிட்டு உறை தேடினால் உறையையும் நீங்களே செய்ய வேண்டிவரும். சதுர அழைப்பிதழ் பார்க்க அழகுதான், ஆனால் பல நாடுகளின் அஞ்சலில் சதுர உறைக்கும் உள்ளே புடைப்பு இருக்கும் உறைக்கும் கட்டணம் கூடுதல். மாதிரியை உறையில் போட்டு ஒட்டி, அஞ்சலகத்தில் எடை போட்டுக் கேட்டுவிட்டு மற்றதைத் தொடங்குங்கள்.

காகிதத்தின் கனத்தை ஜி.எஸ்.எம் என்ற அளவில் சொல்வார்கள், ஒரு சதுர மீட்டர் எத்தனை கிராம் என்பது அது. அலுவலகப் பிரின்டரில் போடும் தாள் 70 முதல் 80. அழைப்பிதழ் அட்டைக்கு 250 முதல் 300 வரை நன்றாக இருக்கும். ஆனால் வீட்டுப் பிரின்டர்கள் பல அந்தக் கனத்தை இழுக்காது. உங்கள் பிரின்டரின் கையேட்டில் அதிகபட்ச ஜி.எஸ்.எம் எழுதியிருக்கும், அதைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். சொரசொரப்பான அட்டையில் லேசர் பிரின்டரின் டோனர் சரியாகப் பிடிக்காமல் உதிரும். இங்க்ஜெட் மை பிடிக்கும், ஆனால் ஈரக் கை பட்டால் பல மைகள் கலையும்.

புதியவர்கள் பெரும்பாலும் கேள்விப்படாத விஷயம் காகிதத்தின் இழையோட்டம். ஆலையில் செய்த காகிதத்தில் இழைகள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருக்கும். அந்தத் திசையிலேயே மடித்தால் மடிப்பு நேராக, வழவழப்பாக விழும். குறுக்கே மடித்தால் மடிப்பில் வெடிப்புத் தெரியும். கண்டுபிடிப்பது சுலபம். தாளை மடிக்காமல் நீளவாக்கிலும் அகலவாக்கிலும் மெதுவாக வளைத்துப் பாருங்கள், எந்தப் பக்கம் குறைந்த எதிர்ப்போடு வளைகிறதோ அந்த வளைவுக் கோட்டின் திசைதான் இழையோட்டம். வெட்டும்போதே மடிப்புக் கோடு அந்தத் திசையில் வரும்படி தாளைத் திருப்பி வையுங்கள்.

கனமான அட்டையை அப்படியே மடிக்கக் கூடாது, முதலில் கோடு அழுத்த வேண்டும். போன் ஃபோல்டர் என்று கைவினைக் கடைகளில் கிடைக்கும் மழுங்கிய கருவி இதற்கென்றே உள்ளது. மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவும் போதும். இரும்பு ஸ்கேலை வைத்து ஒரே அழுத்தத்தில் இழுங்கள். ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் சின்ன மேடு வரும். மேடு மடிப்பின் உள்பக்கம் இருக்கும்படி மடியுங்கள். பலர் பள்ளத்துக்குள் மடிக்கிறார்கள், அதனால்தான் வெளிப்பக்கம் விரிகிறது. வெட்டும்போது பிளேடை ஒரே முறையில் ஆழமாக இறக்காமல், லேசாக மூன்று நான்கு முறை இழுங்கள். விளிம்பில் பிசிறு தெரிந்தால் அந்தக் கணமே பிளேடை மாற்றுங்கள். மழுங்கிய பிளேடு வழுக்கி விரலுக்கு வரும்.

வடிவமைக்கும்போது அச்சகத்துக்குப் போகிறதென்றால் நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாகப் பின்னணி நிறத்தை நீட்டி வையுங்கள், வெட்டும்போது வெள்ளைக் கோடு தெரியாது. எழுத்து எதுவும் விளிம்பிலிருந்து 5 மில்லிமீட்டருக்குள் வர வேண்டாம். படங்கள் அங்குலத்துக்கு 300 புள்ளி, ஏ6க்கு 1240 × 1748 பிக்சல். திரையில் மின்னும் நீலமும் பச்சையும் காகிதத்தில் மங்கும், ஒரு பிரதி அச்சிட்டுப் பார்த்தே நிறத்தை முடிவு செய்யுங்கள்.

தமிழ் எழுத்து விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. யூனிகோட் எழுத்துரு பயன்படுத்துங்கள், நோட்டோ குடும்பத்தில் தமிழுக்கு இலவசமாகவே நல்ல எழுத்துருக்கள் இருக்கின்றன. சில வடிவமைப்பு மென்பொருள்களில் கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து தனித்தனியே நிற்கும். அப்படியானால் இன்க்ஸ்கேப் போன்ற இலவச மென்பொருளில் எழுதிப் பாருங்கள். அச்சகத்துக்கு அனுப்பும்போது எழுத்தைக் கோட்டுருவமாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவமாக, மாற்றி பி.டி.எஃப் ஆக அனுப்பினால் அவர்கள் கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டாலும் கெடாது. மாற்றுவதற்கு முந்தைய கோப்பையும் வைத்திருங்கள், பிறகு திருத்த அதுதான் வேண்டும். நாள், கிழமை, நேரம், முகவரி, பெயர் ஐந்தையும் இந்த வேலையில் சம்பந்தப்படாத ஒருவரிடம் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். கிழமையும் தேதியும் பொருந்துகிறதா என்று நாட்காட்டியில் பார்க்கச் சொல்லுங்கள்.

கையால் அச்சடித்த ஒன்று வேண்டும் என்றால் லினோ கட்டை, அதாவது படத்தைச் செதுக்கி மை பூசி அச்சடிக்கும் லினோலியத் தகடு. ஒரு சின்னப் படம் மட்டும் போதும்: ஒரு கிளை, ஒரு பறவை, இருவர் பெயரின் முதலெழுத்து. படத்தை மென்மையான பென்சிலால் டிரேசிங் தாளில் வரைந்து, குப்புறக் கவிழ்த்து லினோவின் மேல் தேய்த்தால் கண்ணாடிப் பிம்பமாக இறங்கும். அதைச் செதுக்கி அச்சடிக்கும்போது சரியான பக்கமாக வரும். லினோ கடினமாக இருந்தால் சற்று வெயிலில் வைத்து இளக்குங்கள். கட்டையைப் பிடித்திருக்கும் கை எப்போதும் பிளேடுக்குப் பின்னால் இருக்க வேண்டும். உருளையால் மையை மெல்லிசாகப் பூசி, தாளை வைத்து, கரண்டியின் முதுகால் தேயுங்கள். சிறிய எழுத்துகளைச் செதுக்க முயல வேண்டாம். வாசகத்தைப் பிரின்டரில் அச்சிட்டு, பிறகு படத்தை லினோவில் அடியுங்கள். வரிசை இப்படித்தான்: எண்ணெய் மை காய நாட்கணக்கில் ஆகும், காயாத மையோடு தாள் பிரின்டருக்குள் போகக் கூடாது.

காகிதத்தையே நீங்கள் செய்யலாம். பழைய தாளைக் கிழித்து இரவு முழுக்க ஊறவைத்து அரைத்து, வலை கட்டிய சட்டத்தில் அள்ளி, துணியில் கவிழ்த்து அழுத்திக் காயவைப்பதுதான் முறை. ஆனால் அப்படியே விட்ட கைக்காகிதத்தில் பேனா மை ஊறிப் பரவும். கூழில் காய்ச்சிய மாவுப் பசை கொஞ்சம் கலந்தால் பரவுவது குறையும். இந்தக் காகிதத்தைப் பிரின்டருக்குள் விடாதீர்கள். அழைப்பிதழைச் சுற்றிவரும் பட்டையாகப் பயன்படுத்தினால் ஒரு தாளில் பல பட்டைகள் கிடைக்கும், வேலையும் சிறியதாகும்.

பூக்கள்

க்ரேப் காகிதப் பூவின் நன்மை, மூன்று மாதம் முன்னாலேயே முடித்துவிடலாம் என்பது. கனமான க்ரேப் தாளை வாங்குங்கள், மெல்லியது இழுத்தால் கிழியும். தாளில் உள்ள சுருக்கக் கோடுகள் இதழின் அடியிலிருந்து நுனிக்கு ஓடும்படி வெட்டுங்கள். அப்போதுதான் இரண்டு கட்டைவிரலாலும் நடுவில் விரிக்கும்போது இதழ் குழிந்து நிற்கும். குறுக்கே வெட்டினால் என்ன செய்தாலும் குழியாது. நுனியைப் பென்சிலில் சுருட்டி விடுங்கள். பூக்கம்பியின் எண் கூடக் கூட கம்பி மெல்லிசு: தண்டுக்கு 18, இதழுக்கும் இலைக்கும் 24 அல்லது 26. பச்சைப் பூ டேப்பை உருட்டிலிருந்து எடுத்து ஒட்டிப் பார்த்து ஒட்டவில்லை என்று தூக்கி எறிந்துவிட வேண்டாம், இழுத்தால்தான் அதன் மெழுகுப் பசை வெளிவரும். இழுத்தபடியே சுற்றுங்கள். முடித்த பூக்களை அடுக்காமல், வெயிலும் ஈரமும் படாத பெட்டியில் தனித்தனியாக வையுங்கள். ஈரம் பட்டால் க்ரேப் தாளின் சாயம் இறங்கிப் பக்கத்துத் துணியில் ஏறும்.

பின்னணிக்குப் பூ செய்கிறீர்கள் என்றால் சிறியவை இருநூறு வேண்டாம். முப்பது சென்டிமீட்டர் அகலத்தில் பத்துப் பன்னிரண்டு செய்தால் தூரத்திலிருந்தும் புகைப்படத்திலும் அவைதான் தெரியும்.

நிஜப் பூவுக்குக் கடைசி ஒன்றரை நாள்தான். வாளிகளைச் சுத்தமாகக் கழுவுங்கள். பூ வந்ததும் தண்டின் அடியைச் சாய்வாக வெட்டி, தண்ணீருக்குள் முங்கும் இலைகளை உருவி, இருட்டான குளிர்ந்த இடத்தில் ஓர் இரவு நீர் குடிக்க விடுங்கள். முங்கிய இலை அழுகினால் அந்த அழுக்கு தண்டின் துளையை அடைத்துவிடும். பழுத்த பழங்களின் பக்கத்தில் பூவை வைக்காதீர்கள். பழம் விடும் எத்திலீன் வாயு பூவைச் சீக்கிரம் வாடவைக்கும், கார்னேஷனும் ஆர்க்கிடும் இதனால் மிக எளிதில் பாதிக்கப்படும். லில்லி என்றால் பூ விரியும்போதே மகரந்தப் பைகளைக் கிள்ளி எடுத்துவிடுங்கள். அந்தத் தூள் உடையில் பட்டால் தேய்க்கவும் வேண்டாம், நனைக்கவும் வேண்டாம், ஒட்டும் டேப்பால் ஒற்றி எடுங்கள்.

பூவைச் செருகப் பயன்படும் பச்சை நுரைக்கட்டி மக்காத பிளாஸ்டிக். பிரிட்டனின் ராயல் ஹார்டிகல்ச்சுரல் சொசைட்டி 2021 முதல் தன் மலர்க் கண்காட்சிகளில் அதைத் தடை செய்துவிட்டது. கோழிவலையைப் பந்தாகச் சுருட்டிப் பாத்திரத்துக்குள் வைத்தால் அதே வேலையைச் செய்யும், கழுவி மறுபடியும் பயன்படுத்தலாம். கையில் பிடிக்கும் பூங்கொத்து செய்கிறீர்கள் என்றால் சில வாரம் முன்னால் அதே பூக்களில் ஒரு ஒத்திகை பாருங்கள். கட்டி முடித்து, தண்ணீரில்லாமல், விழா நடக்கும் அத்தனை மணி நேரமும் மேசையில் வைத்திருங்கள். எது தாங்குகிறது என்று பூவே சொல்லிவிடும்.

துணியும் சாயமும்

துணியில் பின்னணித் திரை செய்ய ஆசைப்படுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். மேடை அகலம் 3 மீட்டர், உயரம் 2.5 மீட்டர். திரை தட்டையாகத் தெரியாமல் மடிப்பு விழ இரண்டு மடங்கு அகலம் வேண்டும், 6 மீட்டர். துணியின் அகலம் 1.5 மீட்டர் என்றால் நான்கு துண்டுகள். ஓரம் மடித்துத் தைக்க 20 சென்டிமீட்டர் சேர்த்து ஒரு துண்டு 2.7 மீட்டர், நான்குக்கு 10.8. பருத்தி நனைத்தால் சுருங்கும், அதற்கும் சேர்த்து 11.5 மீட்டர் வாங்க வேண்டும். ஓரளவு மெல்லிய பருத்தியில் இது சுமார் 2 கிலோ. சாயம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஏற, துணி தாராளமாகப் புரள வேண்டும், துணியின் எடையைப் போல் 20 மடங்காவது தண்ணீர் வேண்டும். 40 லிட்டர். வீட்டில் அவ்வளவு பெரிய பாத்திரம் இருக்காது. துண்டு துண்டாகச் சாயம் போட்டால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறத்தில் வரும். திரையை நிறமாகவே வாங்குங்கள். ரிப்பன், மேசையின் நடுவில் ஓடும் பட்டை, பூங்கொத்தைச் சுற்றும் துணி இவற்றுக்கு மட்டும் உங்கள் சாயத்தை வையுங்கள். இவையெல்லாம் கையில் படுபவை.

இயற்கைச் சாயத்துக்குப் பருத்தி, லினன், பட்டு, கம்பளி ஏற்றவை. பாலியஸ்டரில் ஏறாது. துணியை உலர்ந்த நிலையில் எடை போட்டு, சோப்பும் சலவைச் சோடாவும் போட்டு நன்றாகக் கொதிக்கவைத்துக் கஞ்சியையும் எண்ணெய்ப் பசையையும் எடுங்கள். பட்டும் கம்பளியும் என்றால் மிதமான சோப்பு, மிதமான சூடு போதும். சாயம் பிடித்து நிற்கப் படிகாரம் வேண்டும், துணி எடையில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு. பருத்திக்குப் படிகாரத்துக்கு முன்னால் கடுக்காய் போன்ற துவர்ப்பான பொருளில் ஊறவைத்தால்தான் நன்றாகப் பிடிக்கும். வெங்காயத் தோல் மஞ்சளும் ஆரஞ்சுமாகக் கொடுக்கும், செண்டுமல்லி தெளிந்த மஞ்சள், மஞ்சிட்டி வேர் செம்மை. மஞ்சள்தூளை நம்பாதீர்கள். வெளிச்சத்தில் வெளுத்துப் போகும், சோப்புப் பட்டால் சிவக்கும். எவர்சில்வர் பாத்திரம் எடுங்கள், இரும்பு நிறத்தைக் கருக்கும். சாயத்துக்கு எடுத்த பாத்திரத்தில் பிறகு சமைக்கக் கூடாது.

வெளியில் திரை கட்டினால் காற்றில் அது பாய்மரம் போல இழுக்கும். தாங்கிகளின் அடியில் மணல் மூட்டை வையுங்கள். ஹாட் க்ளூவால் ஒட்டியவற்றை வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டால் பசை இளகிக் கழன்றுவிடும், கனமானவற்றைக் கம்பியால் கட்டுவதே உறுதி.

மற்றவை, சுருக்கமாக

பெயர் அட்டைகளைக் கடைசிக்கு விடுங்கள், வருகிறவர்களின் பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும். எழுதாத அட்டைகளை வெட்டி வைத்திருந்தால் போதும். மெழுகுவர்த்தி செய்வதற்கு முன் மண்டபத்தில் தீ அனுமதியா என்று கேளுங்கள், பல இடங்களில் இல்லை. சோயா மெழுகில் ஊற்றினால் எரிப்பதற்கு முன் ஒன்றிரண்டு வாரம் அப்படியே ஆறவிடுங்கள். திரியை 6 மில்லிமீட்டருக்கு நறுக்குங்கள், துணிக்கும் காகிதப் பூவுக்கும் பக்கத்தில் வைக்காதீர்கள்.

மோதிரம் உங்கள் மூன்றாவது வேலையாக இருக்கலாம். கடினமான நகைமெழுகில் செதுக்கி, உலோகத்தில் வார்க்க ஒரு பட்டறையில் கொடுத்துவிடலாம். மெழுகின் எடையைப் போல் ஸ்டெர்லிங் வெள்ளி ஏறக்குறைய 10 மடங்கு, 18 காரட் தங்கம் ஏறக்குறைய 15 மடங்கு எடை வரும், செலவை முன்கூட்டியே கணக்கிட இது உதவும். வார்த்ததும் சற்றுச் சுருங்கும், மெருகேற்றும்போது இன்னும் தேயும், அதனால் கொஞ்சம் தடிமனாகவே செதுக்குங்கள்.

உடையைப் பற்றி ஒன்று உறுதியாகச் சொல்வேன். ஏற்கெனவே தைத்துப் பழகாதவர்கள் திருமண உடையில் தையல் கற்றுக்கொள்ள வேண்டாம். பழகியவர்கள் விலை குறைந்த பருத்தியில் முழு உடையையும் ஒருமுறை தைத்துப் போட்டுப் பார்த்துவிட்டு நல்ல துணியில் கத்தரி வையுங்கள். கத்தரி என்றதும் நினைவு வருகிறது: துணிக்கு ஒன்று, காகிதத்துக்கு ஒன்று, இரண்டும் கலக்கக் கூடாது.

உதவிக்கு ஆட்கள், விழா நாள்

நண்பர்கள் வந்து உட்காரும்போது ஆளுக்கு ஒரு முழு அழைப்பிதழ் என்று கொடுக்காதீர்கள். ஆளுக்கு ஒரு படி கொடுங்கள்: ஒருவர் கோடு அழுத்த, ஒருவர் மடிக்க, ஒருவர் உறையில் போட. வெட்டும் வேலை ஒரே கையில் இருக்கட்டும், அளவு மாறாது. முடித்த மாதிரி ஒன்றை எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி நடுவில் வையுங்கள்.

அந்த இரண்டு வாரக் கோட்டுக்குப் பிறகு இருப்பது பெட்டி கட்டும் வேலை. பொருள் வாரியாகக் கட்டாமல் இட வாரியாகக் கட்டுங்கள்: வாசலுக்கு ஒரு பெட்டி, மேடைக்கு ஒன்று, மேசைகளுக்கு ஒன்று. வீட்டிலேயே ஒரு மேசையை அலங்கரித்துப் புகைப்படம் எடுத்து, அச்சிட்டு, அந்தப் பெட்டியின் மூடியில் ஒட்டுங்கள். தனியாக ஒரு பையில் கத்தரி, கம்பி, இருபக்க டேப், ஊக்கு, ஊசிநூல், கேபிள் டை. இவற்றையெல்லாம் ஒருவரிடம் ஒப்படையுங்கள். அந்த ஒருவர் நீங்களோ உங்கள் பெற்றோரோ அல்ல. அவர் முந்தைய நாளே இடத்தைப் பார்த்திருக்க வேண்டும், எந்தச் சுவரில் ஆணியோ டேப்போ கூடாது என்று மண்டபத்தில் கேட்டிருக்க வேண்டும்.

கழற்றி எடுப்பதற்கும் ஒரு பெயர் எழுதுங்கள். எத்தனை மணிக்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டும், வாடகைப் பொருள் எது, வீட்டுக்குத் திரும்புவது எது, பூ யாருக்குப் போகிறது என்று ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுங்கள். லினோ கட்டையை மட்டும் இந்தப் பெட்டிகள் எதிலும் போடாதீர்கள். மையைத் துடைத்து, தட்டையாக, வீட்டிலேயே வைத்திருங்கள். வந்தவர்களுக்கு நன்றி அட்டை அடிக்க அதுவே வேண்டும்.